பஸ்பாருக்குச் சந்தனம்

நான் இன்ஜினீயர் என்கிற விஷயம் இரண்டு வருடம் ரகசியமாகவே இருந்தது. தாராவியில் எலெக்ட்ரிக் பேனல் செய்யும் ஒரு பட்டறையில் டிசைன் இன்ஜினீயர் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று முதலாளி ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி, "ரெண்டு கொட்டேஷன் கெடக்கு, டைப் பண்ணிரு பிள்ள. பொறவு டிசைன் பாப்போம்" என்றார். அந்தப் பொறவு வருவதற்குள் என் பட்டச் சான்றிதழின் லேமினேஷன் ஓரம் பிரிந்துவிட்டது. வெளியாட்கள் யாராவது வந்து என்னைக் காட்டி யார் என்று கேட்டால், "டைப்பிங் பாக்குத பிள்ள" என்பார். கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்குதான் சிவக்கும். வாய் அதற்கப்புறம்தான் திறக்கும். அந்த இரண்டு வருடத்தில் என் மூக்குக்கு ஓய்வே கிடையாது.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து, மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தொடங்கி, பிறகு பட்டறை போட்டவர். நல்ல மனுஷர். ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது என்று நம்புகிறவர். டீயும் கெட்டியாக இருக்க வேண்டும், செம்பும் கெட்டியாக இருக்க வேண்டும். எங்கள் சண்டையே அந்தச் செம்பில்தான் தொடங்கியது.

சான்பாடா பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்குக்குப் பேனல் செய்யும் ஆர்டர் எங்களுக்கு வந்திருந்தது. பேனல் என்றால் ஆளுயர இரும்பு அலமாரி. கட்டடத்துக்கு வரும் மொத்த மின்சாரமும் அதற்குள் நுழைந்து, பிரிந்து, மிஷின் மிஷினாகப் போகும். உள்ளே மின்சாரத்தைச் சுமக்கிற செம்புப் பட்டைகளுக்குப் பஸ்பார் என்று பெயர். அதுவரை எங்கள் பட்டறையில் எண்ணூறு ஆம்பியருக்கு மேல் செய்ததில்லை. இது இரண்டாயிரத்தைந்நூறு. அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "மூணு மடங்கு கரண்டு, மூணு மடங்கு கனம். நல்லா தடியா ஒரே கட்டையாப் போட்டுரு" என்று ஃபிட்டரிடம் சொல்லிவிட்டார்.

நான் டைப் செய்துகொண்டிருந்த கொட்டேஷனைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வருகிற ஏ.சி. மின்சாரம் தடித்த செம்பின் நடுவில் போகாது, ஓரத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகும், நடுவில் போடுகிற செம்பு முக்கால்வாசி வீண் என்று சொன்னேன். ஒரு தடித்த கட்டைக்குப் பதிலாக மூன்று மெல்லிய பட்டைகளை, நடுவில் காற்று போகிற மாதிரி இடைவெளி விட்டு, குத்துவாக்கில் நிறுத்தினால் குறைந்த செம்பிலேயே வேலை முடியும் என்றேன். அண்ணாச்சி என்னைக் கம்ப்யூட்டரே எழுந்து நின்று பேசுவது போலப் பார்த்தார்.

"உள்ள எடம் கெடக்கும்போது கரண்டு எதுக்கு ஓரத்துல போவுது?"

"லோக்கல் ரயில்ல பாத்ததில்லையா அண்ணாச்சி? உள்ளே எடம் இருந்தாலும் எல்லாரும் வாசல்லதானே தொங்கறாங்க."

"நான் தொங்க மாட்டேன். நான் உள்ள போயி நடுவுல நிப்பேன்."

"நீங்க டி.சி. அண்ணாச்சி. பேட்டரி கரண்டு மாதிரி. அதுதான் எல்லா எடத்துலயும் சமமா நிக்கும். இது ஏ.சி."

ஃபிட்டர்கள் நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து பட்டறையில் அவருக்கு டி.சி. என்று பெயர் விழுந்துவிட்டது. டி.சி. வந்தாச்சா, டி.சி. சாப்பிடப் போயாச்சா என்று அவர் முதுகுக்குப் பின்னால்தான் பேசிக்கொள்வார்கள். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நான் ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன். டீ குடிக்க விடவில்லை, போன் பேச விடவில்லை. கடைசியில் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "ஒன் இஷ்டப்படியே செய்வோம். பார்ட்டியோட இன்ஸ்பெக்டர் வந்து முழுக் கரண்டு விட்டுப் பாப்பாரு. பஸ்பார் சூடு நூத்தியஞ்சு டிகிரியத் தாண்டாம இருந்தா நீ இன்ஜினீயரு. தாண்டிச்சுன்னா கொட்டேஷனை டைப் பண்ணிக்கிட்டு சும்மா இரிக்கணும். பொறவு டிசைன்னு வாயத் தொறக்கப்படாது. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது. திலக் நகரில் எங்கள் பில்டிங் முழுக்க என் அம்மா என்னை இன்ஜினீயர் என்று சொல்லிவைத்திருந்தாள். மாடிப்படியில் யாராவது வழிமறித்து, "நீங்க என்னம்மா டிசைன் பண்றீங்க" என்று கேட்டால், அவசரமாக ரயிலைப் பிடிப்பது போல ஓடிக்கொண்டிருந்தேன். இந்தப் பொய்யை உண்மையாக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அந்த மூன்று பட்டைகள்தான்.

கணக்குப் போட்டேன். மின்சாரம் பேஸ் என்கிற மூன்று தனித்தனி வழிகளில் வரும். ஒவ்வொரு பேஸுக்கும் மூன்று பட்டை. நடுவில் இருக்கிற பேஸ் இரண்டு பக்கத்துச் சூட்டையும் வாங்கிக்கொள்வதால் அதுதான் அதிகம் கொதிக்கும். கணக்கு நூற்றைந்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. ஆனால் ஒரு சமாசாரத்தை நம்பித்தான் அப்படி வந்தது. பளபளக்கும் செம்பு சூட்டை வெளியே விடாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தால் சூடு வெளியேறிப் பத்து, பன்னிரண்டு டிகிரி இறங்கும். நான் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, கறுப்பு என்று. டிராயிங்கில் "பூச்சு: கறுப்பு" என்று எழுதி, பார்ட்டிக்கு அனுப்பி, ஒப்புதலும் வாங்கினேன். பட்டைகளை ஃபிட்டர்கள் அறுத்து, துளை போட்டு, கோத்து முடித்ததும், இணைப்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் நானே பிரஷ் பிடித்துக் கறுப்பு அடித்தேன். யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று பேனல் கதவில் சாக்பீஸால் பெரிதாகத் "தொடாதே" என்று எழுதினேன். மறுநாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை அன்று காலையில் வீட்டில் பூஜை. சாயங்காலம் பட்டறையில் பூஜை. குர்லாவில் ரயில் மாறி, சயானில் இறங்கி, கையில் பழப் பையோடு பட்டறைக்குள் நுழைந்தேன். மாட்டுங்காவிலிருந்து வந்த பூவும் பொரியும் வாசனையுமாக இடமே மாறியிருந்தது. டிரில்லிங் மிஷினுக்கு மாலை. ஹாக்ஸாவுக்கு மாலை. என் கம்ப்யூட்டருக்கும் ஒரு முழம் பூ. எல்லாவற்றுக்கும் நடுவில், கதவு விரியத் திறந்து, பேனல் தகதகவென்று நின்றது.

எனக்குப் புரியச் சில நொடி பிடித்தது. என் கறுப்பு பெயிண்டைக் காணோம். ஒன்பது பட்டையும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. ஒவ்வொரு பட்டையிலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

அண்ணாச்சி சம்சாரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். அவர்களை நாங்கள் அக்கா என்போம். விரலெல்லாம் புளிக்கறை. பின்னால் ஃபிட்டர்கள் நான்கு பேரும் குளித்து, புதுச் சட்டை போட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு நின்றார்கள்.

"எப்படிட்டி இருக்கு?" என்றார்கள் அக்கா. "காலம்பற ஆறு மணிக்கு ஆரம்பிச்சது. தின்னர் போட்டு ஒன் பெயிண்டை எடுக்கதுக்குள்ள உசிரு போயிட்டு. பொறவு ரெண்டு கிலோ புளி."

"அக்கா, அது அழுக்கு இல்ல. வேணும்னே அடிச்சது. கதவுல தொடாதேன்னு எழுதியிருந்தேனே."

"ஆமா, பாத்தேன். பூசை வைக்கிற சாமான்ல என்னத்தையோ கிறுக்கி வச்சிருக்காளேன்னு அதையும் சேத்துத்தான் தொடச்சோம்."

என் மூக்கு அப்போது எந்த நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. மூத்த ஃபிட்டர் மட்டும் மெதுவாக டிரில்லிங் மிஷினுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். நான் கத்தினேன். என் கணக்கு, என் டிசைன், என் பிழைப்பு எல்லாவற்றிலும் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டீர்களே என்று நல்ல நாளும் அதுவுமாகக் கத்தினேன். அக்கா அசரவில்லை.

"புதுச் சாமானுக்கு, அதுவும் சாமி முன்னால வைக்கப்போறதுக்கு, யாராவது கறுப்பு அடிப்பாளா? எழவு வீட்டுச் சாமானா இது? நான் இருக்க வரைக்கும் இந்தப் பட்டறையில கறுப்புப் பூசவிட மாட்டேன்."

"புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கு அக்கா. காட்டட்டுமா?"

காட்ட முடியவில்லை. புத்தகம் சாமிக்கு முன்னால் இருந்தது. சரஸ்வதி பூஜையாயிற்றே என்று நானேதான் முதல் நாள் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். என் கணக்கு நோட்டு, கால்குலேட்டர், பெயிண்ட் டப்பா, பிரஷ் எல்லாம் அங்கே பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது, படிக்கவும் கூடாது. கையை நீட்டினேன், அக்கா பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பிவிட்டது. சுண்டலை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடலையாகக் கடித்து நொறுக்கினேன். இன்ஸ்பெக்டர் வர மூன்று நாள் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. பெயிண்ட் டப்பாவை எடுக்கலாம் என்று ஓடினால், அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒங்க அக்கா ராத்திரி பூரா பேசுதா. கறுப்பு ஆவாதாம். எதுக்கு சண்ட? பளபளன்னு இருக்கதையே ஓட்டிப் பாப்போம். தாண்டாட்டி சரி."

முழுக் கரண்டு விட்டுப் பார்ப்பதற்கென்று காட்கோபரிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மரை வாடகைக்கு எடுத்திருந்தோம். வோல்டேஜ் குறைவு, கரண்டு மட்டும் இரண்டாயிரத்தைந்நூறு. காலையில் ஓட்டத் தொடங்கினோம். சூடு ஏறி ஓர் இடத்தில் நிற்க நான்கு மணி நேரம் ஆகும்.

மத்தியானம் அண்ணாச்சி தன் டெம்பரேச்சர் துப்பாக்கியை எடுத்துவந்தார். சில வருடங்களுக்கு முன்னால் கடை வாசலில் எல்லோருடைய நெற்றிக்கும் நேராக நீட்டினார்களே, அதற்குப் பெரிய அண்ணன். பேனல் கதவைத் திறந்து, நடுப் பட்டைக்கு நேராகப் பிடித்து அழுத்தினார்.

"நாப்பத்தி நாலு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எங்க ஊரு வெயிலே இதுக்கு மேல இருக்கும். நூத்தியஞ்சு எங்க கெடக்கு, நாப்பத்தி நாலு எங்க கெடக்கு. ஏ பிள்ள, நீ ஜெயிச்சுட்ட."

அக்கா கைதட்டினார்கள். "புளி போட்டுத் தேச்சது வீண் போவுமா" என்றார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. இரண்டாயிரத்தைந்நூறு ஆம்பியர் போகிற செம்பு அவ்வளவு சாதுவாக இருக்காது. "அண்ணாச்சி, கொஞ்சம் கீழே பிடிங்க, அந்தச் சந்தனப் பொட்டுல" என்றேன்.

பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டு.

பக்கத்தில் வெறும் செம்பில் பிடித்தார். நாற்பத்து நான்கு. மறுபடி பொட்டில் பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டு. துப்பாக்கியை இரண்டு தட்டுத் தட்டி, தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். அங்கே சரியாகத்தான் காட்டியது. பிறகு தீர்ப்புச் சொன்னார். "செம்பு நல்லாத்தான் இருக்கு. சந்தனம்தான் கெடந்து கொதிக்கி. ஏல, பொட்டையெல்லாம் தொடச்சிரு."

"தொடாதீங்க" என்று நான் கத்தியது தெரு வரை கேட்டிருக்கும். "பொட்டு உண்மையைச் சொல்லுது அண்ணாச்சி. செம்புதான் பொய் சொல்லுது. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கறதால துப்பாக்கிக்கு அதோட சூடு தெரியல. எல்லாம் நூத்திப் பன்னிரண்டுதான்."

"சும்மா இரி பிள்ள. நாப்பத்தி நாலு டிகிரி என்னத்தச் சுடப்போவுது."

மெயினை அணைக்க ஃபிட்டருக்குக் கை காட்டினேன். அவர் அணைத்ததுதான் தாமதம், அண்ணாச்சி உள்ளே கையை விட்டு, பளபளக்கும் பட்டையில் இரண்டு விரலை வைத்துவிட்டார்.

அவர் அப்போது சொன்னதை எழுத முடியாது. பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நடை, அங்கிருந்து இங்கே ஒரு நடை. ஃபிட்டர்கள் இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு விரலைப் பிடித்தார்கள். அக்கா பூஜைத் தட்டிலிருந்து மிச்சச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, "காட்டுங்க, சந்தனம் குளிர்ச்சி" என்று இரண்டு விரலிலும் அப்பிவிட்டார்கள். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து, விரலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்ப நீ தோத்துட்ட பிள்ள" என்றார். சிரிக்கவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் அவர் விரலில் இருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வருகிற சூட்டை மட்டும்தான் துப்பாக்கி பார்க்கும். வெறும் செம்பின் சூட்டை அது பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம், செம்பு சூட்டை வெளியே விடாததுதான். பொட்டு வைத்த இடத்தில் பார்க்க முடிந்தது. அப்படியென்றால் சந்தனம் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கறுப்பு பெயிண்ட் செய்யவேண்டிய அதே வேலையை அந்த மஞ்சள் பொட்டு செய்துகொண்டிருக்கிறது. இதற்குக் கறுப்பு எதற்கு?

சாமி முன்னாலிருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் அக்கா வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. பக்கத்தைக் கண்டுபிடித்தேன். கறுப்புப் பூச்சு அடிக்கலாம் என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில், இந்தச் சூட்டில் நிறம் ஒரு பொருட்டே இல்லை, சாதாரண பெயிண்டில் எதை அடித்தாலும் ஏறக்குறைய அதே பலன் என்று போட்டிருந்தது. நான் கறுப்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் புத்தகத்தை மூடியிருக்கிறேன். இந்த ஒரு வரிக்காக ஒரு நல்ல நாளை நாசம் செய்து, இரண்டு கிலோ புளியைத் திட்டி, அக்காவிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தாலும் எனக்கு மூக்குதான் சிவக்கும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாப்போம். அக்கா, அந்தக் கிண்ணத்தைக் குடுங்க. இன்னும் சந்தனம் இருக்கா?"

ஒரு பொட்டலம் முழுசாக இருந்தது. பட்டைகள் ஆறுகிற வரை காத்திருந்து, நடு பேஸின் மூன்று பட்டைகளுக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை சந்தனத்தை அப்பினோம். நானும் அக்காவும் மூத்த ஃபிட்டரும். பக்கத்து பேஸ்கள் இரண்டையும் பொட்டோடு பளபளப்பாகவே விட்டோம். வாசலில் போனவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி துப்பாக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்து பேஸில் பொட்டுக்கு நேராகப் பிடித்தார். நூற்றெட்டு. நடு பேஸ்தான் எப்போதும் அதிகம் கொதிக்க வேண்டியது. அதில் பிடித்தார். தொண்ணூற்றொன்பது. மூன்று தடவை பிடித்தார். மூன்று தடவையும் நூற்றைத் தொடவில்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா" என்றார்கள் அக்கா. "சந்தனம் குளிர்ச்சி."

"அது குளிர்ச்சி இல்ல அக்கா. சூட்டை வெளியே விடுது. எதைப் பூசினாலும் இப்படித்தான். விபூதியைப் பூசினாலும் இதேதான் நடக்கும்."

"அப்படின்னா விபூதியே போதுமே மேடம்" என்றார் மூத்த ஃபிட்டர். "சந்தனம் எதுக்கு சும்மா, காலி-பீலி வேஸ்ட் பண்ணணும்."

"நீ சும்மா இரில" என்றார்கள் அக்கா. "சூட்டை வெளிய விட்டா அதுக்குப் பேரு என்ன? குளிர்ச்சிதான. இதுக்கு ஒரு படிப்பா?"

யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை.

பெயிண்ட் கடைக்கு அக்காவே வந்தார்கள். கலர் அட்டையைப் புரட்டி, நல்ல சந்தன நிறமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் முழுக்க ஃபிட்டர்கள் பட்டைகளைக் கழுவி, துடைத்து, அதை அடித்துக் காயவைத்தார்கள். எந்த பேஸ் எது என்று தெரிய, ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், நீல டேப் ஒட்டினேன். அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டு, "இப்பத்தான் வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கு" என்றார்கள்.

நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மராட்டிக்காரர், அதிகம் பேசாதவர். தன்னுடைய கருவியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒயரை ஒட்டி, கதவை மூடி, நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் ஐந்து டீ குடித்தேன். அண்ணாச்சி கட்டுப் போட்ட இரண்டு விரலால் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர் எழுந்து அளவுகளைக் குறித்தார். அதிகபட்சம் தொண்ணூற்றெட்டு.

மூத்த ஃபிட்டர் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். நான் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் டிராயிங்கை விரித்தார். அதில் பூச்சு கறுப்பு என்று இருந்தது. பேனலைப் பார்த்தார். சந்தன நிறம். டிராயிங் ஒன்று, சாமான் ஒன்று என்றால் கையெழுத்துப் போட முடியாது என்று இந்தியில் சொன்னார். டிராயிங்கைத் திருத்தி, திருத்தத்துக்குக் காரணம் எழுதி, டிசைன் செய்தவர் கையெழுத்துப் போட்டால் சரி. "டிசைன் கிஸ்னே கியா?" என்று கேட்டார். யார் செய்த டிசைன் என்று.

டைப்பிங் பாக்குத பிள்ள என்ற வார்த்தைகள் வருவதற்கு நான் தயாராக இருந்தேன். இரண்டு வருடப் பழக்கம்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சாப், மை தோ டி.சி. ஹூம்" என்றார். நான் டி.சி. ஆள் என்று. ஃபிட்டர்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட விரலை என் பக்கம் நீட்டினார். "ஏ.சி. கா காம் இஸ்கா ஹை. இஸ்கோ பூச்சோ." ஏ.சி. வேலை இவளுடையது, இவளைக் கேளுங்கள் என்று.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியதை மறைக்க டிராயிங்கின் மேல் நன்றாகக் குனிந்துகொண்டேன். கறுப்பு என்பதை அடித்து, சந்தன நிறம் என்று எழுதினேன். பக்கத்தில் காரணம் என்று ஒரு சின்னக் கட்டம். அங்கேதான் பேனா நின்றது. பார்ட்டி விருப்பம் என்று எழுதலாம். பெயிண்ட் கிடைக்கவில்லை என்று எழுதலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நிமிர்ந்து பார்த்தேன். வாசல் பக்கம் அக்கா எல்லோருக்கும் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தார்கள். விரல் நகத்தில் இன்னும் புளிக்கறை போகவில்லை. உள்ளதை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இப்படி ஒருவர் எழுதி அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவர் போனதும் அண்ணாச்சி டிராயிங்கை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, அந்தக் கட்டத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டிசைனர்ஸ் மிஸ்டேக். அப்படின்னா?"

"டிசைன் பண்ணவங்க செஞ்ச தப்பு."

"டிசைன் பண்ணவங்கன்னா யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

அவர் டிராயிங்கை மடித்து என்னிடமே கொடுத்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பூஜையன்று சாத்திய பூ அதன்மேல் வாடிக் கிடந்தது.

"அப்ப கொட்டேஷன் டைப் பண்ண ஒரு ஆளு பாக்கணும்" என்றார்.